காசு கொடுத்து வாங்கிய கணினி கேமைப் பத்திரப்படுத்த 22 குறிப்புகள்

2017 செப்டம்பரில் மலேசியாவில், இணையத்தில் கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையின் கதவு திடீரென மூடிக்கொண்டது. இயேசு, புத்தர் முதலானோரை ஒருவரோடொருவர் மோதவிடும் 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற கேம்தான் காரணம். அதை நீக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 24 மணி நேரக் கெடு விதித்தது. கெடு தாண்டியதும் இணையச் சேவை நிறுவனங்கள் ஸ்டீம் தளத்தையே தடுத்தன. அந்த கேமை இந்நாட்டு விற்பனையிலிருந்து எடுத்த பிறகு, ஓரிரு நாளில் தடை நீங்கியது. தகராறு ஒரே ஒரு கேமைப் பற்றியது. பூட்டு விழுந்ததோ மொத்தக் கடைக்கும்.

ஜொகூரின் பொந்தியானில் இன்று டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்குபவர் அரிது. பிள்ளைகள் கேட்கிறார்கள், அட்டையில் பணம் கட்டுகிறோம், கேம் இறங்கிவிடுகிறது. ஆனால் கடையே மூடிக்கொண்டால் வீட்டில் என்ன மிஞ்சுகிறது? காப்புப் பிரதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கும். மற்றொன்று, மறுபடி இறக்கும் நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட குறிப்புகளைப் பாருங்கள்.

வாங்கும்போது

1. கேமின் விற்பனைப் பக்கத்தைக் கடைசிவரை படியுங்கள். ஸ்டீமில் வலப்பக்கப் பட்டியில் 'டெனுவோ' போன்ற பூட்டு மென்பொருள் இருக்கிறதா, வேறொரு நிறுவனத்தில் தனிக் கணக்குத் தொடங்க வேண்டுமா என்று போட்டிருப்பார்கள். எப்போதும் இணையம் வேண்டும் என்றிருந்தால், அந்த கேமுக்கு எந்தக் காப்பும் உதவாது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தினார்கள். அன்றோடு டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம்.

2. ஒரே கேம் இரண்டு கடையில் இருந்தால் பூட்டில்லாத கடையில் வாங்குங்கள். போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடையில், நிறுவும் கோப்பையே முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 'தி விட்சர் 3', 'சைபர்பங்க் 2077', 'பால்டர்ஸ் கேட் 3', 'ஸ்டார்டியூ வேலி' எல்லாம் அங்கே கிடைக்கும். ஸ்டீமில் ஐந்தாறு ரிங்கிட் குறைவாக இருக்கலாம். நெடுநாள் வைத்திருக்க நினைக்கும் கேமுக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

3. வாங்கியதும் அதே வாரத்தில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மலிவு விற்பனையில் வாங்கிப் போட்டுவிட்டு, பள்ளி விடுமுறையில் திறக்கும்போது "நம் கணினிக்கு இது தாங்காது" என்று தெரிந்தால் அந்தக் காசு போனதுதான்.

4. ரசீதை மின்னஞ்சலிலேயே விட்டுவிடாதீர்கள். பிடிஎஃப் கோப்பாக்கி, கேம் இருக்கும் அதே டிஸ்க்கில் 'ரசீது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள். கணக்குப் பறிபோனால், "இது என்னுடையதுதான்" என்று கடைக்காரரிடம் காட்ட உங்கள் கையில் இருக்கும் சான்று இந்த ரசீதுதான்.

இறக்கும்போது

5. இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரத்தில் பார்க்கும் வேகத்தை 8-ஆல் வகுத்தால்தான் வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்று தெரியும், அதாவது 12.5. 'ஸ்டார்டியூ வேலி' 500 மெகாபைட்தான், ஒரு நிமிடத்துக்குள் முடியும். 'பால்டர்ஸ் கேட் 3' கேட்பது 150 ஜிகாபைட் இடம். அவ்வளவையும் இறக்க 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 3 மணி 20 நிமிடம், 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வைஃபை சுவரைத் தாண்டி வந்தால் இன்னும் கூடும். முடிந்தால் கேபிள் போட்டு இறக்குங்கள்.

6. பெரிய கேமை இரவுக்குத் தள்ளுங்கள். ஸ்டீமின் செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' பகுதிக்குப் போனால், தானாகப் புதுப்பிக்கும் நேரத்தையும் வேக வரம்பையும் குறிக்கலாம். அம்மா நாடகம் பார்க்கும் நேரத்தில் மொத்த இணையத்தையும் விழுங்காமல் இருக்கும். கணினி இடையில் தூங்கிவிடாதபடி 'ஸ்லீப்' அமைப்பையும் மாற்றிவிடுங்கள். மின்சாரம் போனாலும் பயமில்லை. பாதியில் நின்ற இடத்திலிருந்து ஸ்டீம் தொடரும்.

7. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பெரிய கேம் இறக்காதீர்கள். 'வரம்பற்ற இணையம்' என்று விற்கும் பல பிரீபெய்டு திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு இருக்கும். அது தீர்ந்ததும் வேகம் படுத்துவிடும். திட்டத்தின் சிறிய எழுத்துகளைப் படித்த பிறகு தொடங்குங்கள்.

8. வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றில் மட்டும் இறக்குங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து கேமை நகல் எடுக்கும் வசதியை ஸ்டீம் 2023-இல் கொண்டுவந்தது. இரண்டு கணினியிலும் ஒரே கணக்கில் ஸ்டீம் திறந்திருந்தால் போதும்; வேறு வேறு கணக்கென்றால் செட்டிங்ஸில் அனுமதி கொடுக்க வேண்டும். கேமை மறுபடி முழுதாக இணையத்தில் இறக்க வேண்டியதில்லை.

9. பெனுட், ஆயர் பாலோய் பக்கம் கம்போங்கில் இருப்பவர்களுக்கு இணையம் மெதுவாக இருந்தால், ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அண்ணனிடம் சொல்லுங்கள். உங்கள் கேமை அங்கே இறக்கி, வார இறுதியில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கொண்டுவரலாம். அதற்காக உங்கள் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அவர் வரும்போது மடிக்கணினியை எடுத்து வரட்டும், அதில் நீங்களே கணக்கில் நுழைந்து கொடுங்கள்; அல்லது நீங்களே போய் இறக்குங்கள்.

நகல் எடுக்கும்போது

10. ஜிஓஜி கேமுக்குச் செய்ய வேண்டியது: தளத்தில் உங்கள் கேம் பட்டியலுக்குப் போய், 'ஆஃப்லைன் பேக்கப் கேம் இன்ஸ்டாலர்ஸ்' என்ற பகுதியைத் திறவுங்கள். பெரிய கேம் ஒரே கோப்பாக வராது. ஒரு செட்டப் கோப்பும், அதன் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட துண்டுகளும் வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் நிறுவ முடியாது. கூடுதல் கதைப் பகுதிகளும் திருத்தங்களும் தனியாக இருக்கும், அவற்றையும் சேர்த்து இறக்குங்கள்.

11. ஸ்டீம் கேமுக்குச் செய்ய வேண்டியது: நூலகத்தில் கேமின் பெயர்மீது வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்', அதில் 'பேக்கப் கேம் ஃபைல்ஸ்' என்று போங்கள். திரும்ப நிறுவும்போது ஸ்டீம் மெனுவில் 'ரீஸ்டோர் கேம் பேக்கப்' என்று இருக்கும். ஆனால் நினைவிருக்கட்டும், இது இரண்டாம் வகைக் காப்பு. கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும்; புதிய திருத்தம் வந்திருந்தால் அதையும் இறக்கச் சொல்லும்.

12. எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் நேரான காப்பு வசதி இல்லை, சுற்றுவழி உண்டு. கேம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். திரும்ப வேண்டும்போது எபிக்கில் நிறுவலைத் தொடங்கி, இரண்டு மூன்று விழுக்காடு ஓடியதும் நிறுத்துங்கள். செயலியை மூடி, பழைய ஃபோல்டரைப் புதிய ஃபோல்டரின்மேல் போட்டுவிட்டுத் தொடருங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும்.

13. ஸ்டீமில் வாங்கியவற்றிலும் பூட்டில்லாத கேம்கள் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, இணையத்தையும் துண்டித்துவிட்டு, 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'காமன்' என்பதில் இருக்கும் கேமை நேரடியாக இருமுறை கிளிக் செய்யுங்கள். ஸ்டீமைக் கூப்பிடாமல் ஓடினால் நல்ல காலம். அந்த ஃபோல்டரைச் சுருக்கி வைத்தாலே முதல் வகைக் காப்பு ஆகிவிடும். 'பிசி கேமிங் விக்கி' என்ற தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் இந்தத் தகவல் இருக்கிறது.

14. ஆடிச் சேமித்ததைத் தனியாகக் காப்பாற்றுங்கள். பிள்ளை அழுவது கேம் போனதற்கு அல்ல, இரண்டு மாதம் ஆடிச் சேர்த்த பண்ணையும் வீடும் போனதற்குத்தான். சேமிப்புக் கோப்புகள் பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் 'மை கேம்ஸ்' என்பதிலோ, 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரிலோ இருக்கும். சில மெகாபைட்தான் வரும் என்பதால், கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டில் தாராளமாக அடங்கும். ஸ்டீம் கிளவுட் எல்லா கேமுக்கும் கிடையாது. விற்பனைப் பக்கத்தில் 'கிளவுட்' குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

15. ஊருக்குப் போகுமுன் ஆஃப்லைனுக்குத் தயார்ப்படுத்துங்கள். இணையம் இருக்கும்போதே ஸ்டீமில் நுழைந்து, கேமை ஒருமுறை திறந்து மூடி, பிறகு ஸ்டீம் மெனுவில் 'கோ ஆஃப்லைன்' கொடுங்கள். இதைச் செய்யாமல் தோட்டத்துத் தாத்தா வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிப்போனால், நுழைவுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரலாம்.

வைக்கும்போது

16. டிஸ்க் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, 1 டெராபைட் என்று அட்டையில் இருந்தாலும் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். ஏமாற்று அல்ல, எண்ணும் முறை வேறு. இரண்டாவது, 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிகாபைட்டைத் தாண்டும் கோப்பை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' முறைக்கு மாற்றுங்கள். மூன்றாவது, வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகிறதென்றால் எஸ்எஸ்டியைவிடச் சுழலும் ஹார்டிஸ்க்கே நல்லது. மின்சாரமே படாமல் நெடுநாள் கிடக்கும் எஸ்எஸ்டியில் தரவு மங்க வாய்ப்பு உண்டு.

17. நகல் எடுத்ததோடு நிற்காமல், சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'செவன்-ஜிப்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால், கோப்பின்மீது வலது கிளிக் செய்யும்போது 'சிஆர்சி, எஸ்எச்ஏ' என்ற தேர்வு வரும். மூலக் கோப்புக்கும் நகலுக்கும் ஒரே எண் வந்தால் நகல் முழுமை. நிறுவிய கேமின் கோப்புகளுக்கு ஸ்டீமில் 'வெரிஃபை இன்டெக்ரிட்டி' என்ற தேர்வு இதே போன்ற வேலையைச் செய்யும். டிஸ்க்கைப் பிடுங்குமுன் 'எஜெக்ட்' கொடுக்க மறவாதீர்கள்.

18. கடலோர ஊரின் ஈரப்பதம் மின்னணுப் பொருளுக்கு ஆகாது. முறுக்கு வைக்கும் காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டிஸ்க்கை வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ஜன்னல் ஓரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்பகுதியும் வேண்டாம். இடி இடிக்கத் தொடங்கினால் கணினி, மோடம் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். நகல் எடுக்கும் நேரம் தவிர, டிஸ்க்கைக் கணினியில் செருகியே வைக்காதீர்கள். மின்னலோ வைரஸோ வந்தால் கணினியும் டிஸ்க்கும் சேர்ந்தே போகும்.

19. ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, வெளியே ஒன்று என்று மூன்றாக வைப்பது நெடுங்கால வழக்கம். பொந்தியான் கடற்கரையோரத் தாமான்களிலும் குக்குப் பக்கமும் இருப்பவர்களுக்குப் பெரிய அலை, வெள்ளம் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு டிஸ்க்கைப் பெக்கான் நானாஸில் இருக்கும் சித்தி வீட்டில் கொடுத்து வைத்தால் போதும். வீட்டிலேயே வைப்பதானால் தரையோரப் பெட்டியில் வேண்டாம், மேல் அலமாரிக்கு ஏற்றுங்கள்.

காலம் போனபின்

20. கணக்கின் சாவியையும் காப்பாற்றுங்கள். பிரீபெய்டு சிம்மில் பணம் போடாமல் விட்டால் எண் போய்விடும். அந்த எண்ணுக்குத்தான் ஸ்டீம் குறியீடு வரும் என்றால் கேமும் சிக்கிக்கொள்ளும். எண் மாற்றினால் அன்றே கணக்கிலும் மாற்றுங்கள். ஸ்டீமின் பாதுகாப்பு வசதியான 'ஸ்டீம் கார்டு' (Steam Guard) தரும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் வையுங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, 6 பேர் வரை சேரக்கூடிய 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' வசதியில் இணையுங்கள். ஸ்டீம் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற விதிமுறை இடம் தருவதில்லை. அப்பா பெயரில் வாங்கியது அப்பா பெயரிலேயேதான் இருக்கும்.

21. சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 40-ஆம் பிரிவில், கணினி நிரல் பிரதியின் உரிமையாளர் மூலம் கெட்டாலோ தொலைந்தாலோ பயன்படுத்துவதற்காகக் காப்பு நகல் எடுக்க இடம் கொடுக்கிறது. அந்த நகலை விற்பதும் நண்பனுக்குக் கொடுப்பதும் அதில் அடங்காது. பூட்டை உடைப்பதை 36ஏ பிரிவு தடுக்கிறது. பெரும்பாலான கடைகள் விற்பது உரிமம்தான் என்பதால், கடையின் விதிமுறையையும் ஒருமுறை பாருங்கள். பசார் மாலாமில் திருட்டு டிஸ்க் மலிவாகக் கிடைத்த காலத்தில், 2007-இல், லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடோர் நாய்களை அழைத்துவந்து மோப்பம் பிடிக்கவிட்டு, ஜொகூர் பாருவில் பெருங்குவியலையே பிடித்தார்கள். இன்றைய திருட்டு கேமோ இணையத்தில் இலவசமாக வந்து, வங்கிக் கடவுச்சொல்லைத் திருடிக்கொண்டு போகும்.

22. எல்லாவற்றையும் காக்க முடியாது. எதைக் காப்பது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும் பந்து விளையாட்டு கேமுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்க வேண்டாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலையும் பாசத்தையும் சொல்லும் 'வெண்பா' போன்ற கேமுக்கு ஒதுக்கலாம். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட அந்த கேம், 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. தேர்ந்தெடுத்த கேம்களின் பெயர், வாங்கிய கடை, எந்த விண்டோஸில் ஓடும், நகல் எடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி டப்பாவில் போடுங்கள். ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 கணினிகளைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் நன்றாக ஓடும் பழைய கணினியைக் காயலான்காரரிடம் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீடு துடைக்கும் வாரத்தில் டிஸ்க்கைச் செருகி, ஏதாவது ஒரு கேமை இணையம் இல்லாமல் நிறுவிப் பாருங்கள். நிறுவிப் பார்க்காத நகலை நகல் என்று நம்ப வேண்டாம். டிஸ்க்கில் சத்தம் வந்தாலோ, ஐந்தாறு வருடம் ஆகியிருந்தாலோ, அந்தத் தீபாவளிப் பட்டியலில் ஒரு புது டிஸ்க்கையும் சேர்த்துவிடுங்கள்.